கையில்லாத கம்பளிச் சட்டை

"ஆடாம நில்லு குட்டி. ஊசி கழுத்துகிட்ட இருக்கு."

குட்டி ஆடவே இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை, ஜன்னலோரம் முக்காலியின் மேல் நட்டுவைத்த மாதிரி நின்றாள். வலது கை தோளிலிருந்து விரல்வரை கட்டுப்போட்டு மார்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. எந்தச் சட்டையின் கையும் அந்தக் கட்டின் மேல் ஏறாது. குளிரோ விட்டபாடில்லை. அதனால்தான் சித்தி இந்தப் போஞ்சோவைப் பின்ன உட்கார்ந்தாள். கை வைக்காமல் தோளைச் சுற்றிப் போர்த்துகிற கம்பளிச் சட்டை. இரண்டு நீளப் பட்டைகள். ஒன்றின் முனையை மற்றதன் பக்கத்தோடு சேர்த்துத் தைத்தால் நடுவில் கழுத்துக்கு இடம் விழும். ஒரு தையலை நேற்றே முடித்துவிட்டாள். தலைவழியாக மாட்டினால் தோள் அசையும் என்று, இரண்டாவதைக் குட்டியின் மேல் போர்த்திவைத்தே தைத்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சள், ஊதா, கிளிப்பச்சை, மயில்நீலம், செங்கல் சிவப்பு. பின்னத் தொடங்குமுன் ஒவ்வொரு நூலுருண்டையையும் நீட்டி "இது?" என்று கேட்டபோதெல்லாம் குட்டி தலையை மட்டும் ஆட்டினாள். இருபத்து மூன்று நாளாகச் சித்திக்குக் கிடைப்பது அந்தத் தலையாட்டல்தான். முன்பெல்லாம் "சித்தி, சித்தி" என்று காதைத் தின்றுவிடுவாள். பள்ளிவிட்டதும் நேராக மாடியேறிச் சித்தியின் போர்ஷனுக்குத்தான் வருவாள். இப்போது சித்தி கீழே வந்தால் புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொள்கிறாள்.

காரணம் அவளுக்குத் தெரியும். அவளையும் குட்டியையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் ஓவிய வகுப்பிலிருந்து குட்டியை ஸ்கூட்டரில் அழைத்துவந்தாள். தெருமுனை திரும்பும்போது போன் துடித்தது. ஒரே ஒரு நொடி குனிந்து பார்த்தாள். கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் லென்ஸ் பொருத்துகிறவள்; நூலிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிற கண். அந்தக் கண் பாதையோரக் கல்லைப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து குட்டி "சித்தி, ரோடு!" என்று கத்தியது காதில் விழுந்தபோது சக்கரம் ஏறிவிட்டிருந்தது.

குட்டியைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில்தான் அக்கா எக்ஸ்ரே எடுப்பவள். பெற்ற பிள்ளையின் முறிந்த எலும்பைத் தன் கையாலேயே படம் எடுத்துவிட்டு வெளியே வந்து, "எப்படிடி ஆச்சு?" என்று கேட்டாள். உண்மையைச் சொல்லத்தான் தங்கை வாயைத் திறந்தாள். "நாய் குறுக்க வந்துடுச்சுக்கா, கறுப்பு நாய்" என்று வந்தது. அக்கா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டு, "நீ என்னடி பண்ணுவே, நாய் வந்தா" என்று அழுதாள். கட்டிலிலிருந்து குட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊசியை உள்ளே விட்டு மறுபக்கம் இழுத்தாள்.

"சித்தி." அடிக்குரலில் வந்தது. "இது எதுக்கு?"

"குளிருக்குத்தான். எதுக்குன்னு கேக்கறே?"

"நான் சொல்லாம இருக்கறதுக்கோன்னு நெனச்சேன்."

இழுத்த ஊசி பாதியில் நின்றது. சமையலறையில் அக்கா யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமா, அதே தெருதான். மூலைக் கடை வாசல்லயே படுத்திருக்கும். அஞ்சு நிமிஷத்துல வந்துடுவீங்களா? சரிங்க, நான் வெளிய வந்து காட்டறேன்."

"அம்மா யார்கிட்ட பேசறாங்க தெரியுமா?" என்றாள் குட்டி. "நாய் புடிக்கிற வண்டிக்காரங்ககிட்ட. மேனேஜரைப் புடிச்சுட்டுப் போகப் போறாங்க."

மூலைக் கடை நாய்க்கு அந்தப் பெயரை வைத்ததே குட்டிதான். யார் வந்தாலும் எழுந்திரிக்காது, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோரையும் பார்க்கும் என்பதால் மேனேஜர். தெருவில் கறுப்பு நாய் அது ஒன்றுதான்.

"பிஸ்கட் போட்டாக்கூட நகர மாட்டான் சித்தி. வாய்கிட்ட கொண்டுபோய் வைக்கணும். அவனா குறுக்க ஓடுவான்?" குட்டியின் கீழுதடு துடித்தது. "சொல்லிடலாம்னு பாத்தேன். ஆனா அம்மா உங்ககிட்ட பேசறதையே நிறுத்திட்டாங்கன்னா?"

இத்தனை நாளும் பிள்ளை தன்மேல் கோபத்தில் இருக்கிறாள் என்றே நினைத்திருந்தாள். ஒன்பது வயது நெஞ்சு சித்தியின் பொய்யையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தது அவளுக்குத் தோன்றவே இல்லை. ஏதோ சொல்ல வந்தாள். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அக்கா கையைத் துடைத்தபடி வெளியே போனாள்.

குட்டி முக்காலியிலிருந்து குதித்தாள்.

"ஏய், கை! மெதுவா!"

பாதி தைத்த போஞ்சோ தோளிலிருந்து சரிய, ஊசி நூலில் தொங்கி ஆட, குட்டி வாசலுக்கு ஓடினாள். பின்னாலேயே அவளும் ஓடினாள், காலில் செருப்பில்லை. மூலைக் கடை முன்னால் ஒருவன் கம்பியில் மாட்டிய சுருக்கோடு நாயை நெருங்கிக்கொண்டிருந்தான். மேனேஜர் தலையைக்கூடத் தூக்கவில்லை. அவனைப் பார்த்து வாலை மட்டும் ஒருமுறை தரையில் தட்டியது.

"அக்கா, வேணாம்னு சொல்லு."

"என்னடி?"

"நாய் வரலக்கா."

அக்கா புரியாமல் பார்த்தாள். வண்டிக்காரன் சுருக்கைப் பிடித்தபடி நின்றான். கடைக்காரர் கல்லாவைவிட்டு எழுந்து வந்தார். எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. இனி எந்த வார்த்தையைத் தேடியும் பிரயோசனமில்லை.

"நாய் எதுவும் வரல. நான் போன் பாத்தேன். கல்லுல ஏத்திட்டேன். குட்டிக்குத் தெரியும். அவ எனக்காகத்தான் வாயத் திறக்கல."

அக்கா மகளைப் பார்த்தாள். குட்டி தலையைக் குனிந்துகொண்டாள். யார் முகத்தையும் பார்க்காமல், "நீங்க போங்கண்ணே. நாய் வேணாம்" என்றாள் அக்கா. வண்டிக்காரன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே சுருக்கைத் தளர்த்தினான்.

"யாரு போன்?" அக்காவின் குரல் எக்ஸ்ரே அறையில் 'மூச்சைப் பிடிங்க' என்று சொல்கிற குரலாக இருந்தது.

"என்னக்கா?"

"அப்படி என்ன அவசரம்? யாரு பண்ணினா?"

போனில் வந்த அந்தச் செய்தியைத் தங்கை அன்றைக்கே அழித்துவிட்டாள். 'எங்கடி இருக்கீங்க? மழை வர்ற மாதிரி இருக்கு, சீக்கிரம் வாங்க.' ஐந்து பத்துக்கு வந்தது. அனுப்பியவள் எதிரே நிற்கிறாள்.

"யாரோ. தெரியாத நம்பர்க்கா."

சொல்லி முடிக்கும்போதே குட்டி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். அக்கா ஈரக் கையை மறுபடி துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்து, தங்கைக்கு அனுப்பிய செய்திகளைத் திறந்தாள். அவள் கட்டைவிரல் திரையின் மேல் நகரத் தொடங்கியது. நேற்று, முந்தாநாள், போன வாரம், அதற்கும் முந்தைய வாரம் என்று ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.