அழகி போட்டுக்கொண்ட ஊசி

அழகி தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்கிறாள் என்பதைக் குளத்தூர்ப் பக்கத்தில் முதலில் யாரும் நம்பவில்லை. அவளுக்குச் சர்க்கரை வியாதி. கணவன் ரெங்கசாமி கிணற்றுப் பாறைக்கு வெடி வைக்கிற ஆள். ஆனால் ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதனால் திருச்சி ஆஸ்பத்திரி நர்ஸிடம் அவளே கற்றுக்கொண்டாள். இன்சுலின் புட்டி சூட்டில் கெடாமலிருக்க ஈரமணல் சட்டியில் இருக்கும். காலையில் கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிக்கவைத்துத் தொடையில் போட்டுக்கொண்டு, கஞ்சி குடித்துவிட்டுக் கடலைக்கொல்லைக்குப் போவாள். அவ்வப்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த நீல மருந்தில் சில சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்சிப் பார்ப்பாள். நீலமாகவே நின்றால் நல்லது. செங்கல் நிறமானால் சர்க்கரை ஏறிவிட்டது என்று அர்த்தம்.

அவள் அக்காள் செவந்திக்கும் இதே வியாதிதான். காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தபோது, வெறும் வயிற்றுக்கு எதற்கு என்று வீட்டார் ஊசியை நிறுத்தினார்கள். சளி நெஞ்சில் இறங்கி நிமோனியாவானது. அவள் பிழைக்கவில்லை.

1959 கார்த்திகை அடைமழையில் அழகிக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவில் குத்தியது. இரண்டு வாய்க் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை.

"ஒண்ணுமே திங்கலையே புள்ள. இன்னிக்கு ஊசி வேணாம்" என்றான் ரெங்கசாமி.

"காச்சல் வந்தா திங்காட்டியும் சர்க்கரை ஏறும்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க. பாத்துட்டுப் போடுறேன். அந்த நீல மருந்தை எடுத்துத் தாங்க."

குளிரில் அவளால் எழ முடியவில்லை. அவனே விளக்கில் காய்ச்சினான். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல்லாய்ச் சிவந்தது. சிரிஞ்சைக் கொதிக்கவைக்க அவனே தண்ணீர் வைத்தான். அழகி சிரிஞ்சை நிரப்பினாள். நடுங்குகிற அவள் மணிக்கட்டை இந்தத் தடவை அவன் பிடித்துக்கொண்டான், முகத்தைத் திருப்பவில்லை.

"வண்டியைப் பூட்டுங்க. கீரனூர்ல பஸ்ஸைப் புடிச்சிரலாம்."

திருச்சியில் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்ததுமே நிமோனியா என்றார். பெனிசிலின் போட்டார்கள். வேளாவேளைக்குச் சர்க்கரையைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிக் குறைத்தார்கள். சில நாள் அவள் நினைவு தப்பித் தப்பி வந்தது. பிறகு காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்து ரசஞ்சாதம் கேட்டாள்.

டாக்டர் ரெங்கசாமியை அழைத்தார். "சர்க்கரை கண்டபடி ஏறிக் கெடந்தா பெனிசிலின் மட்டும் போட்டுக் காப்பாத்துறது கஷ்டங்க. இவங்க இத்தனை நாளும் அதைக் கட்டுக்குள்ள வச்சிருந்தாங்க. ஊசியையும் நிறுத்தல, வர்றதுக்கும் தாமதிக்கல. அதான் ஒடம்பு தாங்குச்சு."

பக்கத்துக் கட்டிலில் சொர்ணவல்லி என்ற பெண் ஊசிக்குப் பயந்து அழுதுகொண்டிருந்தாள். அழகி அவளைக் கூப்பிட்டாள். "இங்கிட்டு வந்து பாரும்மா, எம்புட்டுச் சுளுவுன்னு" என்று அன்றைய ஊசியை அவள் கண் முன்னாலேயே போட்டுக்கொண்டாள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் ஆத்மநாதன், "ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார்.

"நிமோனியாவை ஜெயிச்சுட்டு வாரா. ஊசியெல்லாம் தானே போட்டுக்குவா" என்றான் ரெங்கசாமி, பஸ் முழுக்கக் கேட்கும்படி.

அழகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கீரனூரில் இறங்கும்போது அவன் கை நீட்டினான். பையை மட்டும் அவனிடம் கொடுத்துவிட்டு, படியில் தானே இறங்கினாள்.