மாதக் கடைசி நகல்

பழையதைச் சேர்த்து வைப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. வீட்டில் காலி டப்பா ஒன்றைக்கூட விட்டுவைக்க மாட்டேன். என் கையில் விட்டால் கல்யாணப் போட்டோவையே முப்பதாவது நாள் அழித்திருப்பேன் என்று என் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அதென்ன முப்பது நாள் கணக்கு என்றால், அது என் வேலையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது. லிஃப்ட் பொருத்திப் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் மெயில் சர்வர் என் பொறுப்பு. நானூறு பேருடைய மெயில் அதில் இருக்கிறது. அது அழிந்தால் திரும்ப எடுப்பதற்காகச் சேமிக்கும் நகலை, அதாவது பேக்கப்பை, முப்பது நாள் வைத்திருந்தால் போதும் என்று விதி எழுதியவள் நான்தான்.

என் திட்டம் எளிமையானது. ஞாயிற்றுக்கிழமை முழு பேக்கப். மற்ற நாட்களில், முந்தைய பேக்கப்புக்குப் பிறகு மாறியதை மட்டும் எடுப்பது. இடம் மிச்சம், நேரம் மிச்சம். ஒரு நாளுடைய மெயில் திரும்ப வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த நாள் வரை வரிசையாகக் கோத்துக்கொண்டு வர வேண்டும். நடுவில் ஒன்று விட்டுப்போனால் அதற்குப் பிறகுள்ளது எதுவும் உதவாது. விட்டுப்போக நான் விடுவேனா என்ன!

போன வருடம் இதற்கு ஒப்புதல் வாங்கக் கூட்டம் கூட்டியபோது ஆவண அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவையும் அழைத்திருந்தார்கள். என்னைவிட இரண்டு வயது இளையவர், ஆனாலும் கம்பெனி முழுவதற்கும் அக்கா. எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்டாலும் ஏழு வருடம் வைக்க வேண்டும் என்பார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் ஏழு வருஷ அக்கா. கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று நான் அலட்சியமாக உட்கார்ந்திருந்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"முப்பத்தோராவது நாள் ஒருத்தர் வந்து நின்னா, அவருக்கு என்ன பதில் சொல்வீங்க?"

முப்பது நாளாக ஏன் தூங்கினீர்கள் என்று கேட்பேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மாதக் கடைசி நாளில் தனியாக ஒரு முழு நகல் எடுத்து, ஒரு டிஸ்க்கில் போட்டு, அக்காவின் இரும்பு அலமாரியில் ஒரு வருடம் வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டேன். அக்காவின் டிஸ்க் என் வரிசையைத் தொடக்கூடாது என்ற வீம்பில், அதற்கு 'காப்பி' என்ற வகையைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வகை தினசரி பேக்கப்பில் குறுக்கிடாது. தன்னந்தனியாக நிற்கும். அன்றிலிருந்து மாதாமாதம் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போய், அவர் நீட்டும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டே திரும்புவேன்.

இனி போட்டோக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் லிஃப்ட் மெக்கானிக். கழன்ற திருகு, கிழிந்த ரப்பர் என்று எதைப் பார்த்தாலும் படம் எடுத்து மேலாளருக்கு மெயில் அனுப்புவார். எல்லா மெயிலுக்கும் தலைப்பு 'போட்டோ' என்பதுதான். அவர் மெயில் பெட்டி எப்போதும் பிதுங்கி வழியும். ஒரு சனிக்கிழமை, தேதி இரண்டு, அவருக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்தேன். இன்றைக்குள் பழையதையெல்லாம் அழிக்காவிட்டால் பெட்டியைப் பூட்டிவிடுவேன் என்றேன். மனிதர் அன்றைக்கே அனுப்பியது வந்தது எல்லாவற்றையும் துடைத்துவிட்டார். அழித்த மெயிலைச் சில நாள் சர்வரிலேயே ஒளித்து வைத்திருக்கும் ஒரு வசதி உண்டு. இடத்தை அடைக்கிறது என்று அதையும் நான் அணைத்து வைத்திருந்தேன்.

அதே மாதம் இருபத்தொன்றாம் தேதி, அவர் பொறுப்பிலிருந்த ஒரு குடியிருப்பின் லிஃப்ட் பிரேக் பிடிக்காமல் நழுவி நின்றது. உள்ளே இருந்த ஒரு தையல்காரப் பெண்ணுக்குக் கால் எலும்பு முறிந்தது. விசாரணைக் குழு போட்டார்கள். பிரேக் தேய்ந்துவிட்டது, லிஃப்டை நிறுத்த உத்தரவு வேண்டும் என்று போன மாதம் இருபத்தெட்டாம் தேதியே எழுதிவிட்டதாக மெக்கானிக் சொன்னார். மேலாளர் உத்தரவில்லாமல் மெக்கானிக் லிஃப்டை நிறுத்தக்கூடாது என்பது எங்கள் கம்பெனி விதி. மேலாளரோ, வழக்கம்போல் ஏதோ போட்டோ வந்தது, திறக்காமலே அன்றே அழித்துவிட்டேன் என்றார். மெயில் போன தடம் சர்வரில் இருந்தது. ஆனால் தடத்தில் தலைப்பு மட்டும்தான் தெரியும், உள்ளே என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. படம் எடுத்த போன் லிஃப்ட் குழியில் விழுந்து சுக்குநூறாகிவிட்டதாம். இரண்டு நாளில் அந்த மெயில் வராவிட்டால் வேலையும் போகும், மூன்று முறை தேர்வு எழுதி வாங்கிய லைசென்சும் போகும்.

என்னிடம் வந்து நின்றார். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். இருபத்தேழு நாள்தானே ஆகிறது, முப்பதுக்குள் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் எடுத்துத் தருகிறேன் என்று மார்தட்டினேன்.

போன மாதம் இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எடுத்த முழு பேக்கப் சரியாக ஏறியது. அடுத்த நாளுடையதைக் கோக்கப் போனால் ஒட்டவில்லை. மறுபடி போட்டேன், ஒட்டவில்லை. பிறகுதான் நினைவு வந்தது. அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை மதியம், சர்வருக்கு ஒரு புது மென்பொருள் திருத்தம் போடுவதற்கு முன்னால், பத்திரத்துக்கென்று கைப்பட ஒரு பேக்கப் எடுத்திருந்தேன். அவசரத்தில் 'காப்பி' வகையைத் தேர்ந்தெடுக்காமல் சாதாரண முழு பேக்கப்பை அழுத்திவிட்டேன். அதை எடுத்ததும், இனி எல்லாம் இங்கிருந்துதான் என்று சர்வர் எடுத்துக்கொண்டது. அந்த வாரத்துத் தினசரி பேக்கப் எல்லாம் அதன் தொடர்ச்சியாகவே எழுதப்பட்டன. அதையோ, திருத்தம் நல்லபடியாக முடிந்ததும் குப்பை என்று நானே அழித்திருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழு பேக்கப் இந்த மாதம் மூன்றாம் தேதி. அதற்கு முந்தைய நாள்தான் என் மிரட்டலுக்குப் பயந்து அவர் எல்லாவற்றையும் துடைத்திருந்தார்.

ஒரு மனிதனுடைய பிழைப்பை நான்கு இடத்தில் நானே வெட்டியிருக்கிறேன். நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து நேராக ஆவண அறைக்குப் போனேன்.

போன மாதக் கடைசி டிஸ்க் வேண்டும் என்றேன். அக்கா பதிவேட்டைப் புரட்டி, அலமாரியைத் திறந்து, முப்பதாம் தேதி என்று அவர் கையெழுத்தில் சீட்டு ஒட்டிய டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தார். வாங்கும் காரணம் என்ற கட்டத்தை நிரப்பச் சொன்னார். 'ஒரு மெயிலைத் தேட' என்று எழுதினேன்.

தனிச் சர்வர் ஒன்றில் அந்த நகலை ஏற்ற நான்கு மணி நேரம் ஆயிற்று. மெக்கானிக்கின் பெட்டியைத் திறந்தேன். அனுப்பியவற்றில் இருபத்தெட்டாம் தேதி, தலைப்பு 'போட்டோ'. உள்ளே, மூன்றாவது பிளாக் லிஃப்டில் பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது, உடனே நிறுத்த உத்தரவு வேண்டும் என்று இரண்டு வரி. கூடவே படம். லைனிங்குக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்திருந்தார். பிடிக்கும் பட்டை இரண்டு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லை. திரையைப் பார்த்து வாய்விட்டு அழுதேன், சொல்வதற்கு வெட்கமில்லை.

மறுநாள் அதை விசாரணைக் குழுவிடம் கொடுத்தேன். தினசரி பேக்கப்பிலிருந்து ஏன் எடுக்க முடியவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வர வேண்டியதுதான். மேலாளரிடம் விசாரணை தொடர்ந்தது. மெக்கானிக்கின் மேல் தவறில்லை என்று அன்றே எழுதிவிட்டார்கள்.

அவர் நன்றி சொல்ல வந்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அழிக்கச் சொல்லி விரட்டியதே நான்தானே என்றேன்.

"தெரியும் மேடம். ரெண்டு நாளா மனசுக்குள்ள உங்களத் திட்டிக்கிட்டுதான் இருந்தேன். ஆனா விடாம தேடி எடுத்துக் கொடுத்ததும் நீங்கதானே."

நன்றி சொல்ல வேண்டிய இடம் வேறு என்று அவரை ஆவண அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டிஸ்க்கையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. போன வருடம் நீங்கள் கேட்ட ஒரு கேள்வியால்தான் இவர் வேலையில் இருக்கிறார் என்று அக்காவிடம் சொன்னேன். அந்தக் கூட்டமே அவருக்கு நினைவில்லை. எல்லாக் கூட்டத்திலும் அப்படித்தானே கேட்கிறேன் என்றார். உங்களைப் பற்றி எவ்வளவோ கிண்டல் பேசியிருக்கிறேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். ஏழு வருஷ அக்கா என்ற பெயர் தனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, டிஸ்க்கின் சீட்டைச் சரிபார்த்துப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

நான் கையெழுத்துப் போட்டு முடித்ததும் மெக்கானிக் பேனாவைக் கேட்டு வாங்கினார். என் கையெழுத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் பெரிய எழுத்தில் 'நன்றி' என்று எழுதினார்.

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"அங்க தேதி போடணும். யாரும் இதுல இப்படி எழுதினதில்ல."

அடித்துவிட்டு எழுதட்டுமா என்று மெக்கானிக் சங்கடத்தோடு கேட்டார். அக்கா பதிவேட்டைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த வார்த்தையின் மேல் கோடு படாதபடி, கட்டத்தின் மூலையில் மிச்சமிருந்த இடத்தில் தேதியைச் சின்னதாகத் தானே எழுதி, மை காயும்வரை மூடாமல் வைத்திருந்தார்.