சுவருக்கு அளவு

"இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணுங்க."

"இதுக்கு மேல போனா கண்ணு எது, மூக்கு எதுன்னே தெரியாதுங்க," என்றார் பிரிண்ட் கடைக்காரர். சொன்னதைச் செய்தும் காட்டினார். திரையில் அம்மாவின் முகம் சாம்பல் நிறக் கட்டங்களாகச் சிதறிப்போனது.

மூத்த மகள் அடுத்த படத்தைத் திறக்கச் சொன்னாள். விடியற்காலையில் அம்மா போய்விட்டாள். மதியம் எடுத்துப்போக வண்டி வந்துவிடும். அதற்குள் தலைமாட்டில் வைக்க, முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும். போட்டோக்காரர் வீட்டில் படத்துக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டுதான் அப்பாவின் படங்களை அள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

பஞ்சம்தான். அடுத்த படத்தில் நீளமான ஒரு மதில், அதன் இடது கோடியில் அம்மா. அதற்கடுத்ததில் முழுக்க வானம், கீழ் மூலையில் குடையோடு அம்மா. இன்னொன்றில் வெறும் மணல், நடுவில்கூட இல்லை, ஓரத்தில் ஒரு பொட்டாக அம்மா. எல்லாம் பரிசு வாங்கிய படங்கள். "ஆளைப் பாக்காதீங்க, ஆளைச் சுத்தி இருக்கிற காலி இடத்தைப் பாருங்க. அதுதான் பேசும்," என்று அப்பா வகுப்பில் சொல்வார். கேட்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். அம்மா உள்ளே அவர்களுக்கெல்லாம் டீ போட்டுக்கொண்டிருப்பாள்.

"மத்ததை வெட்டிட்டு அம்மாவை மட்டும் எடுங்களேன்."

கடைக்காரர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். "சார் படத்தையா? என்னால முடியாதுங்க. அவரையே ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

போன் போட்டாள். அப்பா உடனே எடுத்தார்.

"அப்பா, அந்த மதில் படத்துலேர்ந்து அம்மாவை மட்டும் வெட்டி எடுக்கப் போறேன்."

"ஐயோ, அதை வெட்டாதம்மா. அந்தக் காலி இடத்தை எடுத்துட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு?"

"அம்மா இருப்பாங்கப்பா."

யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொல்லி அப்பா போனை வைத்துவிட்டார்.

அதே கோபத்தோடு அம்மாவின் தங்கைக்குப் போன் போட்டாள். சித்தி அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தாள்.

"என் போன்ல ஒண்ணு இருக்குடி. ஆனா கோணல்மாணலா இருக்கும். எனக்கென்ன உங்கப்பா மாதிரி எடுக்கவா தெரியும்?"

"அனுப்பு சித்தி."

வந்தது. பஸ் ஜன்னலோரம் அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றி பாதிதான் விழுந்திருந்தது. ஒரு மூலையை சித்தியின் விரல் மறைத்திருந்தது. மிச்சமெல்லாம் அம்மா. தெற்றுப்பல், மூக்கோர மச்சம், பறக்கும் முடி. கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இதையே போடுங்க," என்றாள்.

பிரிண்ட் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியப்போவதில்லை என்று அம்மாவுக்குத் தெரியாதா என்ன. இருந்தும் அப்பா படமெடுக்கக் கூட்டிப்போகிற ஒவ்வொரு ஞாயிறும் பவுடர் போடுவாள், தோடு மாற்றுவாள், எந்தச் சேலை எடுப்பாக இருக்கும் என்று இவளைக் கேட்பாள். "உன் மூஞ்சி கடுகு சைஸுக்கு விழப்போகுது, தோட்டை யாரும்மா பாக்கப்போறா?" என்று இவளும் கிண்டல் செய்திருக்கிறாள்.

"சுவரு எவ்வளவு பெருசுன்னு காட்ட ஒரு ஆள் வேணும்ல? நான்தான் உங்கப்பாவுக்கு அளவுகோல்."

"அளவுகோலுக்கு எதுக்குப் பவுடர்?"

"ஒருநாள் இல்லன்னா ஒருநாள் மனுஷன் கிட்ட வந்தாலும் வருவாருடி. அப்போ வெறும் மூஞ்சியோட நிக்கச் சொல்றியா?"

அவர் கிட்ட வரவில்லை. டாக்டர் அம்மாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்த வீக்கம் எப்போலேர்ந்து இருக்கு?" என்று கேட்டபோது, "கவனிக்கலையே டாக்டர்" என்றார். வாராவாரம் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவையே பார்த்த மனிதர் சொன்ன பதில் அது. வீட்டுக்கு வந்ததும் மூத்தவள் அந்த வருடத்துப் படங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தாள். சுவரில் இருந்த விரிசல்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. கழுத்து தெரியவில்லை.

வீடு திரும்பியபோது முன்னறை நிறைந்திருந்தது. அம்மாவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைமாட்டில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். அப்பாவிடம் படித்தவர் ஒருவர், "சாரோட மதில் படத்தைப் பெருசா வெச்சிருக்கலாமே, எப்பேர்ப்பட்ட படம்," என்று மெதுவாகச் சொன்னார். சித்தி அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவர் வாசலுக்கு நகர்ந்துவிட்டார்.

மூத்தவள் சட்டமிட்ட படத்தை மேசையின் நடுவில் வைத்தாள். அப்பா கிட்டே வந்தார்.

"இதையா வைக்கப்போற? நெத்தி வெட்டுப்பட்டிருக்கு. விரல் வேற விழுந்திருக்கு. சுத்தி கொஞ்சம்கூட இடமே இல்லையேம்மா, மூச்சு முட்டுது."

"இருக்கட்டும்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். சிரிக்கிற வாயைப் பார்த்தார், மோவாயைப் பார்த்தார். அதற்குக் கீழே, சேலைத் தலைப்பு விலகிய இடத்தில், ஒரு பாக்கு அளவுக்குப் புடைத்திருந்தது. அவர் விரல் கண்ணாடிச் சட்டத்தின் மேல் போய் நின்றது.

"இது எப்ப எடுத்தது?"

"போன வருஷம். டாக்டர்கிட்ட போறதுக்கு ரொம்ப முன்னாடி," என்றாள் சித்தி. சொன்ன பிறகுதான் அவளுக்கும் அது கண்ணில் பட்டது. "ஐயோ, நானும் பாக்கலையே அக்கா," என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அப்பா அழவில்லை. படத்தைப் பார்த்தபடி பின்னால் நகர்ந்து, கதவருகே போய் நின்றார். ஒரு கண் தானாகச் சுருங்கியது. திரும்பி வந்தார். இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்து, மெதுவாக மேசையின் இடது ஓரத்துக்குத் தள்ளினார். வலது பக்கம் முழுக்கக் காலியானது.

மூத்தவள் அதை மறுபடி நடுவுக்கு இழுத்தாள்.

"நடுவுல வெச்சா நல்லாருக்காதும்மா," என்றார். அவர் குரல் யாரிடமோ கெஞ்சுவது போல் இருந்தது.

"நல்லாருக்க வேண்டாம்பா."

அவர் கை மீண்டும் சட்டத்தை நோக்கி வந்தது. அவள் சட்டத்தின் மேல் தன் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை.