பரசுராமனின் வயிறு

கோதுமை கூடாது என்றார் வேலூர் டாக்டர். மைதா கூடாது, ரவை கூடாது, சேமியா கூடாது. பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நோயின் பெயர் இங்கிலீஷில் இருந்தது. எத்தனை நாளைக்கு என்று கேட்டார் பரசுராமன். ஆயுசுக்கும் என்றார் டாக்டர்.

"ஓட்டல்ல சாப்பிடலாங்களா?"

டாக்டர் மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அது 2006. பரசுராமனுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆரணியில் ஆறு தறி வைத்திருந்தார். இருபது வருஷமாகச் சாயங்காலம் நாலு மணிக்கு மாணிக்கவேல் ஓட்டலில், ஜன்னலோர மேசையில் ஒரு நெய் ரோஸ்ட். அந்த மேசைக்கு நாலே நாற்காலி. பட்டு நூல் ஏறுமா இறங்குமா, எந்த பார்டர் ஓடுகிறது, எல்லாம் அங்கே தெரிந்துவிடும். மூன்று நாள் வராதவன் நாற்காலியில் நாலாம் நாள் வேறொருவன் இருப்பான். வெறும் காப்பி குடிப்பவனை மாணிக்கவேல் நாலு மணிக்கு உட்கார விடமாட்டார். சிநேகிதனாக இருந்தாலும் அதே சட்டம்.

வீட்டில் ராஜம்மாள் தோசைக்கல்லை மாற்றினாள். பெருங்காய டப்பாவைத் தெருவில் எறிந்தாள். மிளகாய்த்தூளைக்கூட வெளியில் வாங்காமல் தானே இடித்தாள். ஒரே மாதத்தில் பரசுராமன் வயிறு அடங்கியது. உடனே ஓட்டலுக்குப் போனார்.

"தோசைக்கு மைதா போடறீங்களா?" என்று மாஸ்டர் முருகேசனைக் கேட்டார். கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டார். எல்லா மேசையும் திரும்பிப் பார்த்தது.

"மைதா வேற கோதுமை வேறங்க. மைதா மரவள்ளிக் கெழங்குல பண்றது."

"யாருய்யா சொன்னது?"

"எல்லாருந்தான் சொல்றாங்க."

"ஆமா ஆமா, சேலத்துலருந்து லாரில வருது" என்றது பின்மேசை.

"அது ஜவ்வரிசிடா, பேமானி."

கைகழுவும் இடம் வரை சண்டை பரவியது. மாணிக்கவேல் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"போடறதே இல்ல. போடாத மாவு எதுல வந்தா உனக்கு இன்னா பரசு?"

பரசுராமன் காப்பியை நின்றபடியே குடித்தார்; அவர் நாற்காலியில் வேறொருவன் இருந்தான். போகும்போது பழைய பக்கத்து நாற்காலி பாலுவிடம் தன் கதையை ரகசியமாகச் சொன்னார். ஒரு சிட்டிகை கோதுமை போனாலும் வயிறு கண்டுபிடித்துவிடும் என்றார்.

பாலு வாயில் ரகசியம் பஸ் ஸ்டாண்டு வரைதான் தாங்கும். அங்கே புதிதாக ஒரு கடை, "சுத்தமான அரிசி இடியாப்பம்" என்று போர்டு வைத்திருந்தது. பாலு பரசுராமனை இழுத்துக்கொண்டு போனான். மறுநாள் பரசுராமனால் எழுந்து நிற்க முடியவில்லை. மத்தியானத்துக்குள் கடை காலி. மூன்றாம் நாள் கடைக்காரர் பாதி மைதா என்று ஒப்புக்கொண்டு போர்டைக் கழற்றினார்.

ஊருக்குக் கோதுமையோடு பகை கிடையாது. ஏமாற்றியதுதான் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் கடையில் எது சந்தேகமோ, பரசுராமனைக் கூப்பிட்டார்கள். வராவிட்டால் வீட்டுக்கே பொட்டலம் வந்தது. காலையில் வாசலில் நாலு பேர் நின்றார்கள்.

"அண்ணே, வயித்தால போச்சா?"

"போவல."

"அப்ப அந்த அடை சுத்தம்."

கடைசியில் மாணிக்கவேலைக் கேட்டார்கள்: உன் கடையில் எப்போது?

வேறு வழியில்லை. ஒரு நாலு மணிக்கு ஜன்னலோர மேசையில் வாழையிலை விரித்தார்கள். நெய் ரோஸ்ட் பொன்னிறமாக வந்தது. ஐம்பது பேர் நின்று பார்த்தார்கள்.

"மைதா இல்லியே?" என்று பரசுராமன் மெதுவாகக் கேட்டார்.

"சாப்புடு பரசு" என்றார் மாணிக்கவேல். அவர் சட்டை நனைந்திருந்தது.

நாற்காலி பழைய நாற்காலி. முறுகலும் பழைய முறுகல். பரசுராமன் சாப்பிட்டார்.

விடியற்காலையிலிருந்து கக்கூஸில் இருந்தார். ஏழு மணிக்கு வாசலில் கூட்டம் சேர்ந்தது. மாணிக்கவேல் பின்பக்கச் சந்து வழியாக வந்து தகரக் கதவைத் தட்டினார்.

"பரசு. நான்தான்."

"போட்டியாடா?"

"ஒரு பிடிப்பா. ஒரே ஒரு பிடி. இல்லன்னா முறுகல் வராது."

"என் வயித்துக்குப் பிடி கணக்கெல்லாம் தெரியாதுடா."

"வாசல்ல அவ்ளோ பேரு நின்னுகினு கீறாங்க. பேஜாரா பூடும். உனக்குன்னு தனிக் கல்லு, தனி மாவு. நாற்காலிய ஒருத்தனும் தொடமாட்டான். நீ வெறும் காப்பி குடிச்சாக்கூட."

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"காப்பிக்கும்?"

"ஆயுசுக்கும்."

பரசுராமன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பாலு முன்னால் நின்றான்.

"போச்சா?"

"போச்சு."

கூட்டம் மூச்சை இழுத்தது.

"ரோஸ்டால இல்ல. நேத்து ராத்திரி வீட்டுல ரசம் ஊத்திகினேன். அதுதான்."

கூட்டம் சிரித்துக் கலைந்தது. மாணிக்கவேல் சந்து வழியாகவே திரும்பிப் போனார். கொல்லையில் பேசியதெல்லாம் கேட்கும்படி ராஜம்மாள் நடைக்கதவருகில் நின்றிருந்தாள். அவள் கையில் சொம்பில் கஞ்சி இருந்தது. அவருக்காக ஆற்றிக்கொண்டிருந்த கஞ்சி. அவள் அதை நின்றபடியே குடித்து முடித்தாள்.

அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. பரசுராமன் பாயை விரித்தார். சுருண்டு படுத்திருந்தார். நாலு மணிக்கு வேட்டி மாற்றிக்கொண்டு, பசியோடு ஓட்டலுக்கு நடந்தார்.

ஜன்னலோர மேசையில் மூன்று பேர் இருந்தார்கள். நாலாவது நாற்காலியில் ராஜம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

இருபது வருஷத்தில் அந்த மேசையில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. எழுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை. மாணிக்கவேல் கல்லாவில் தலை குனிந்திருந்தார். அவள் முன்னால் பெரிய நெய் ரோஸ்ட் இருந்தது.

"இன்னா ராஜம், இங்க வந்து..." என்றார் பரசுராமன்.

"என் ரசம் ஒத்துக்கலியே. எனக்கும் பயமாத்தான் கீது. அதான் வெளிய சாப்புட்லான்னு."

"அது நான் உட்கார்ற எடம்மே."

"காப்பிதானே குடிக்கப்போற? நின்னுகினே குடி."

பாலு சிரிப்பை அடக்கிக்கொண்டு டம்ளரைப் பார்த்தான். ராஜம்மாள் முறுகலை ஒடித்து வாயில் போட்டு நிதானமாக மென்றாள். ஓட்டல் முழுக்க அவள் வாயைப் பார்த்தது.

"மைதா" என்றாள். "ஒரு பிடி இல்ல. ரெண்டு பிடி."