பொருந்திக்கொள்ளுங்க

கிண்ணியாவில் ஒருத்தி வெளிநாடு போகிறாள் என்றால், அவள் கைக்குப் பாஸ்போர்ட் வருமுன்பே ஊருக்குச் செய்தி வந்துவிடும். ரபீக்கா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகும் கதையும் அப்படித்தான் பரவியது. இன்று பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் ஏஜென்சி வேன் வந்துவிடும். அதற்குள் அவள் எல்லோரிடமும் பொருத்தம் கேட்டு முடிக்கவேண்டும்.

தூரப்பயணம் போகிறவர் வீடுவீடாக ஏறி, "என்னால ஏதும் குறை நடந்திருந்தா பொருந்திக்கொள்ளுங்க" என்று மன்னிப்புக் கேட்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கேட்பார்கள். இப்போது அடுத்தவன் வீட்டுக் குசினியில் சமைக்கப் போகிறவளும் கேட்கிறாள். திரும்பி வருவோமா என்ற பயம் எல்லோருக்கும் ஒன்றுதானே. "பொருந்திட்டன்" என்ற சொல்லை வாங்கிக்கொண்டால்தான் நெஞ்சுப் பாரம் இறங்கி வாகனத்தில் ஏறலாம்.

பக்கத்து வீட்டுப் பல்கீஸ், ஆடு வேலி தாண்டிய சண்டையில் வருடக்கணக்காக முகம் பார்க்காதவள். ரபீக்காவைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதாள்.

"பொருந்திட்டன்டி, பொருந்திட்டன். வரக்குள்ள அந்த ஊர்க் கம்பளி ஒண்டு கொண்டா."

அழுகைக்கும் கம்பளிக்கும் நடுவே அவள் மூச்சுக்கூட விடவில்லை. ரபீக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அன்று முழுக்க அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கணவனின் தங்கை றஹ்மா தலையைக் குனிந்தபடியே "பொருந்திட்டன் மச்சி" என்றாள். மூன்று வயது இளைய மகள் மின்ஹாவைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் அவள்தான். பிரிகிற துக்கத்தில் முகம் பார்க்க முடியவில்லையாக்கும் என்று ரபீக்கா நினைத்துக்கொண்டாள். கணவன் றுவைஸிடம் கேட்டபோது, "நீதான் எனக்குப் பொருந்தவேணும்" என்று சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டான். டீசல் விலை ஏறிய நாளிலிருந்து அவன் தோணி கரையில்தான் கிடந்தது.

மிச்சமிருந்தது மூத்த மகள் அஸ்மியா. பதினைந்து வயது. அடுத்த வருடம் ஸ்கூலில் ஓ.எல். பரீட்சை. 

"மகள், உம்மாவுக்குப் பொருந்து."

அஸ்மியா தங்கச்சியின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நிற்கவில்லை.

"ஆருக்காகப் போறன்? உனக்கு வீடு கட்டத்தானே!"

"நான் வீடு கேட்டனா?"

கேட்கவில்லைதான். ஆனால் இந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வீடில்லாத பெண்ணைக் கேட்டு யார் வேலிப் படலையைத் திறப்பார்கள்? இரண்டு பெண்களைப் பெற்றவளிடம் இருந்ததோ ஒரு தகரக் கொட்டில். ஏஜென்சி தந்த முற்பணத்தில் வளவுக்குள் அத்திவாரம் வெட்டியாயிற்று. இனி போகமாட்டேன் என்று சொல்லவும் ஏலாது. ஆனால் பெற்ற மகளின் பொருத்தம் இல்லாமல் எப்படி ஏறுவது? 

"உன்ர படிப்பை மட்டும் நிப்பாட்டக்கூடாதெண்டு வாப்பாட்ட சத்தியம் வாங்கியிருக்கன். நீ படிச்சாக் காணும்" என்றாள். அஸ்மியா எழுந்து உள்ளே போனாள்.

வேன் வந்துவிட்டது. டிரைவர் ஹோர்ன் அடித்தான். றுவைஸ் பெட்டியைத் தூக்கினான். ரபீக்கா அத்திவாரக் குழியைச் சுற்றி நடந்து படலைக்கு வந்து, கொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

மின்ஹாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அஸ்மியா வந்தாள்.

"உம்மா, பொருந்திட்டன்."

ரபீக்காவுக்கு உயிர் வந்தது. மகளின் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினாள்.

"நீங்களும் எனக்குப் பொருந்துங்க உம்மா."

"உனக்கு என்னத்துக்குடி?"

"இனி ஸ்கூலுக்கு வரமாட்டன் எண்டு டீச்சரிட்ட சொல்லிட்டு வந்தனான். றஹ்மா மாமிக்கும் விசா வந்திட்டு. அடுத்த மாசம் டுபாய் போறா. மறுகா மின்ஹாவை ஆர் பார்க்கிற?"

ரபீக்கா கணவனைப் பார்த்தாள். அவன் பெட்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

"ராத்தா, ஏறுங்க. கொழும்புக்கு நேரத்துக்குப் போகவேணும்" என்றான் டிரைவர்.

பொருந்தமாட்டேன் என்று சொன்னால் பிள்ளையின் தலையில் பாவத்தைச் சுமத்திவிட்டுப் போகிறாள். பொருந்திட்டன் என்று சொன்னால் அந்தப் படிப்பைத் தன் வாயாலேயே நிறுத்துகிறாள். நாள் முழுக்க ஊரார் கம்பளிக்கும் சென்ட்டுக்கும் அள்ளிக்கொடுத்த சொல்லைத்தான் மகளும் கேட்கிறாள். அஸ்மியா காத்துக்கொண்டிருந்தாள்.

"பொருந்திட்டன் மகள்."

வேன் நகர்ந்தபோது மின்ஹா "உம்மா" என்று வீறிட்டாள். அஸ்மியா தங்கச்சியின் முகத்தைத் தன் தோள்பக்கம் திருப்பி, வேன் போவது தெரியாதபடி தலையை அமத்திப் பிடித்துக்கொண்டாள். அஸ்மியாவின் முகத்தைத் திருப்பிவிட அங்கே யாரும் இருக்கவில்லை. பாலத்தடி வளைவு வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.