படியேறிப் போன அப்பன்

சவரக்கத்தி கழுத்தில் இருக்கும்போது எதிர்த்துப் பேசுகிற துணிச்சல் எந்த மனிதனுக்கும் வராது. சலூன்காரர் அதைத்தான் நம்பியிருந்தார். நுரையைப் பூசி, தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டைக்குழிக்குக் கொஞ்சம் மேலே கத்தியை வைத்த பிறகுதான் கேட்பார்.

"'பாதாளப் படி' பார்த்தீங்களா?"

"ம்ம்."

"நல்ல படம்தானே?"

"ம்ம்ம்."

துண்டை உதறி ஆளை நாற்காலியிலிருந்து இறக்கியதும் கதை மாறிவிடும். அதே ஆள் கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தைத் தடவிக்கொண்டே, "அதெல்லாம் ஒரு படமாய்யா?" என்பார். பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஒருபடி மேலே போய், "அந்தப் படம் வந்த வாரம் என் கடையில தலைவலி மாத்திரை தீர்ந்துபோச்சுண்ணே. டைரக்டர் நல்லா இருக்கணும்" என்றார். கடையே சிரித்தது. சலூன்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

பேய், பூதம், சாபம் எல்லாம் கலந்த இருட்டுப் படம் அது. முக்கால்வாசி நேரம் திரையில் யார் வருகிறார், யார் போகிறார் என்றே தெரியாது. ஒரு பாழுங்கிணறு, அதற்குக் கீழே இறங்கிப் போகும் படிகள், அடியில் செத்தவர்களை ஆளுகிற ஒரு ராசா. கொல்லன் மகள் ஒருத்தி அந்த ராசாமேல் ஆசைப்பட்டுத் தானாகவே இறங்கிப் போய்விடுகிறாள். அப்பன் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகிறான். பாம்பு, நடக்கிற பிணம், பல் முளைத்த கதவு என்று எதிரே வந்ததையெல்லாம் நொறுக்கித் தள்ளிவிட்டுக் கடைசியில் மகள் முன்னால் போய் நிற்கிறான். அவள், "நான் வரலப்பா" என்கிறாள். அப்பன் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியேறிப் போய்விடுகிறான். அவ்வளவுதான் படம்.

தியேட்டரில் விசில் பறந்தது. நல்ல விசில் இல்லை. "காசைத் திருப்பிக் குடு" என்று முன்வரிசையில் ஒருவன் கத்தினான். அந்தக் கூச்சலுக்கு நடுவில் எழுந்து நின்று கைதட்டிய ஒரே மனிதர் நம் சலூன்காரர்தான். பக்கத்தில் இருந்த மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"எதுக்குக் கைதட்டறீங்க? இவ்வளவு தூரம் போய்ட்டு வெறுங்கையோட வர்றான். கோழைப் பய."

அது யாருக்கு விழுந்த அடி என்று அவருக்குத் தெரியாதா என்ன?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகளும் வீட்டை விட்டுப் போனாள். ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை பார்க்கிற ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் நல்லவன், குடிப்பழக்கம் கிடையாது, அதெல்லாம் சரி. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதே. "எமன் வீட்டுக் கணக்குப்பிள்ளை உங்க மாப்பிள்ளையாமே" என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே கேட்டார்கள். ஒரு நாள் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, அவள் குடியிருந்த மூன்றாவது மாடிக்குப் படியேறிப் போனார். கதவைத் திறந்தாள். "வீட்டுக்கு வா" என்றார். "நான் வரலப்பா" என்றாள். அவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பி இறங்கி வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவளோடு பேச்சே இல்லை.

"நாலு அறை விட்டு இழுத்துட்டு வந்திருக்கணும்" என்றது தெரு. "கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றாள் மனைவி. "அவ பேச்சை மதிச்சேன், வந்துட்டேன்" என்பது இவர் கட்சி. வாய் அப்படிச் சொல்லுமே தவிர, மனசுக்குள் ஒரு முள் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. செய்தது சரிதானா என்று கேட்க ஆளில்லை. இந்தப் படம் வந்து, "நீ செய்தது சரிதான்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னதாக அவருக்குப் பட்டது. அதனால்தான் படத்தை ஒருவர் குறை சொன்னால் தன்னையே செருப்பால் அடித்ததுபோல அவருக்குச் சுருக்கென்றது.

இந்த நிலைமையில்தான் 'ரெண்டரை' சவரத்துக்கு வந்தான். செல்போனில் படங்களுக்கு விமர்சனம் சொல்லிப் பேர் வாங்கிய பையன். எந்தப் படம் வந்தாலும் ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுப்பான். பகையும் வராது, நட்பும் கெடாது. அப்பேர்ப்பட்டவனே இந்தப் படத்துக்கு ஒன்றுதான் கொடுத்திருந்தான்.

"கடைசிக் காட்சியில டைரக்டர் தூங்கிட்டாருன்னு சொன்னியாமே தம்பி?" என்று கத்தியை வைத்தார் சலூன்காரர்.

"முதல்ல கத்திய எடுங்கண்ணே, சொல்றேன்."

எடுத்தார். ரெண்டரை முகத்து நுரையோடு எழுந்து உட்கார்ந்தான். "ஊரே நல்லா இல்லைங்குது. நீங்க மட்டும் பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிக்கறீங்க. அப்படி என்னதான் இருக்கு அதுல? இங்கேயே சொல்லுங்க, வீடியோ எடுத்துப் போடறேன்."

சலூன்காரர் கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

"மக வரலன்னு சொல்லிட்டா அப்பன் என்னய்யா செய்வான்? முடியப் பிடிச்சு இழுத்துட்டு வரணுமா? பாம்ப அடிச்சவனுக்கு, கதவ உடைச்சவனுக்கு, மகள அடிக்கத் தெரியாதா? அடிக்கல. அவ சொல்ல மதிச்சான். சம்மட்டியப் போட்டான், போனான். அவன்தான்யா அப்பன். உங்களுக்கெல்லாம் சண்டை வேணும். எனக்கு வேணாம்."

வீடியோ அன்றைக்கே ஊரெல்லாம் சுற்றியது. அதற்குக் கீழே அவரைக் கிழிகிழியென்று கிழித்தவர்கள்தான் அதிகம். 'ஐயா சொன்னதும் யோசிக்க வேண்டிய விஷயம்' என்று எழுதிய ஒரே ஒருவரை அவர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

மனைவி தினமும் சாயங்காலம் மகளோடு போனில் பேசுவாள். காது மந்தம் என்று சொல்லி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். காதுக்கு ஒரு கேடும் இல்லை. யார் கேட்கவேண்டும் என்று போடுகிறாள் என்பது அவருக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். பேசி முடிக்கிறவரை அவர் எதிரே உட்கார்ந்து, கத்தரியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் கத்தரிக்குக் குறைவில்லாத கவனிப்பு.

"வீடியோ பார்த்தேன்மா" என்றாள் மகள். "படமும் பார்த்தேன்."

"பார்த்தியா! சொல்லு, நீயாவது புத்தி சொல்லு."

"அப்பா சொன்னதுதான் சரி."

சலூன்காரருக்கு உச்சி குளிர்ந்தது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே ஊரையே பகைத்துக்கொண்டார்! மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"சண்டை போடாதது சரிதாம்மா. ஆனா அந்த அப்பா ஒரு தடவ திரும்பிப் பார்த்திருக்கலாம். அவ கதவ சாத்தவே இல்ல. அவர் போற வரைக்கும் வாசல்லயே நின்னா. திரும்பியிருந்தா, உள்ள வந்து உட்காருங்கப்பான்னு கூப்பிட்டிருப்பா. வரலன்னுதான் சொன்னா. போன்னா சொன்னா?"

விவாதம் பண்ணிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? "படத்துல அப்படி ஒரு காட்சியே இல்லையே!" என்றார் சத்தமாக. இரண்டு வருஷத்துக்குப் பிறகு மகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மனைவி ஸ்பீக்கர் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

"படத்துல காட்டலப்பா. கேமரா அப்பா பின்னாடியே போயிடுச்சு" என்றாள் மகள். "நான் நின்னேன். கீழ இரும்பு கேட்டைச் சாத்தற சத்தம் கேக்கற வரைக்கும் நின்னேன்."

அவர் கை கத்தரியைத் துடைப்பதை விட்டது. மதித்தேன், மதித்தேன் என்று ஊரெல்லாம் சொன்னாரே, அன்றைக்குப் படியில் இறங்கும்போது மனசில் இருந்தது மதிப்பா? வீம்பு. 'கூப்பிட்டும் வரவில்லையா, இரு' என்ற வீம்பு. அது அவருக்கு அன்றைக்கே தெரியும். அழுகை வந்தது. மனைவி போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சலூனில் கூட்டம் அள்ளுகிற நாள். அந்த ஞாயிறு கடை பூட்டிக் கிடந்தது. முதலில் வந்து நின்ற மருந்துக்கடைக்காரர், "மனுஷன் மறுபடியும் அந்தப் படத்துக்கே போயிட்டாரா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தது மாப்பிள்ளை. பாதிக் கன்னத்தில் நுரை, தாடையில் ஒரு வெட்டு, கையில் மொட்டை பிளேடு. "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். சலூன்காரர் அந்த வெட்டைப் பார்த்தார்.

"இப்படியா சிரைக்கறது? உட்காருங்க மாப்ள" என்று பையிலிருந்து கத்தியை எடுத்தார்.

அடுப்படி வாசலில் மகள் வந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் மாப்பிள்ளையின் தலையைச் சாய்த்து, தொண்டைக்குழிக்கு மேலே கத்தியை வைத்தார். பழக்கதோஷம் விடவில்லை.

"படம் பார்த்தீங்களாமே. எப்படி?"

"பொய் சொல்லலாமா மாமா?"

"சொல்லாதீங்க."

"பாதியிலேயே தூங்கிட்டேன். பிணமெல்லாம் எழுந்து நடக்குதாம். நானும் தினம் பார்க்கறேன், ஒண்ணுகூட அசைஞ்சதில்ல."

சலூன்காரர் சட்டென்று கத்தியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பிறகு உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கழுத்தில் கத்தி இருக்கும்போது உண்மை சொன்ன முதல் ஆள் இவன்தான். இவனையா வேண்டாம் என்றோம் என்று இருந்தது.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. படிக்கட்டில் விளக்கு எரியவில்லை. முதல் திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான்."

"இருட்டா இருக்கு. முன்னாடி பார்த்து இறங்குங்கப்பா, விழுந்து வைக்காதீங்க."

"சரி, சரி" என்று சொல்லிவிட்டு, அடுத்த திருப்பத்திலும் நின்று பார்த்தார்.