ஜூலை பாதி, ஆகஸ்ட் பாதி

கல்யாணம் நிச்சயமானபோது ஷெர்லின் ஒரே ஒரு விஷயத்தில்தான் கறாராக இருந்தாள். புடவை என்ன நிறம், மண்டபத்தில் என்ன சாப்பாடு, போட்டோ எடுக்க யாரைக் கூப்பிடுவது, எதிலும் அவள் வாயைத் திறக்கவில்லை. "கல்யாணம் முடிஞ்சதும் லடாக் போகணும். அவ்வளவுதான்" என்றாள்.

மாப்பிள்ளை பிரவீன்ராஜ் கப்பலில் எஞ்சினியர். கடல் கடலாகச் சுற்றியவன், ஒரு பனிமலையைக் கண்ணால் பார்த்ததில்லை. வருஷம் பூரா எஞ்சின் ரூமில் வெந்து கிடப்பவனிடம் குளிருக்குப் போகலாமா என்று கேட்டால் கசக்குமா? "இப்பவே பெட்டியைக் கட்டட்டுமா?" என்று போனிலேயே குதித்தான்.

சிக்கல் மாசத்தில் இருந்தது. அவனுக்குக் கிடைத்த லீவு ஜூலையும் ஆகஸ்டில் பாதியும்தான். அதற்குள் கல்யாணம், விருந்து, லடாக் எல்லாம் முடிய வேண்டும். பிறகு கப்பல் ஏறினான் என்றால் ஏழெட்டு மாசம் கழித்துத்தான் திருச்சிப் பக்கம் தலை காட்டுவான்.

ஜூலை, ஆகஸ்ட் லடாக்குக்கு நல்ல சீசனா என்று ஷெர்லின் ஒரு வார்த்தை கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்கு ஒரு மாசத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வருங்கால மாமனார் சவரிராயன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயரானவர். "சீசன்னாலே மே மாசம்தாம்மா. ஸ்கூல் லீவு விடுவான், மலைக்குப் போவோம். இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே மலை கொடைக்கானல். பொன்மலையில் இருப்பது வெறும் பாறைக் குன்று என்பது வேறு விஷயம். கிளினிக்கில் கூட வேலை பார்க்கும் ஃபெமினா, "டிசம்பர்ல போடி. அப்பதான் பனி கொட்டும், ரீல்ஸ் போட்டா அள்ளும்" என்றாள். அம்மா கேத்தரின்தான் ஒரேயடியாகப் பயமுறுத்தினாள். "மழைக்காலத்துல மலைக்கா? வடக்க ரோடு ரோடா சரிஞ்சு விழறதை டிவியில பாக்கறியா இல்லியா?"

ஷெர்லினுக்குத் தூக்கம் போயிற்று. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கேட்ட ஆசை, அது போய் மழையில் மாட்டிக்கொள்வதா?

தில்லை நகரில் அவள் பிசியோதெரபி பார்க்கும் கிளினிக்குக்கு முழங்கால் வலியோடு வரும் ஹபீபுல்லா, ராணுவத்தில் இருந்தவர். லடாக்கிலேயே சில வருஷம் கிடந்தவர் என்று தெரிந்ததும் ஷெர்லின் அவர் காலை விட்டுவிட்டுக் கதையைப் பிடித்துக்கொண்டாள்.

"டிசம்பர்ல போனா பனி இருக்கும் டாக்டரம்மா, குழாயில தண்ணி இருக்காது. பல்லு தேய்க்கணும்னாக்கூட அடுப்பு மூட்டணும். மே மாசம் கீழே ஊரு நல்லாத்தான் இருக்கும். மேல ஏரிக்குப் போற ரோட்டைத்தான் நம்ப முடியாது. இன்னிக்குத் திறப்பான், நாளைக்கு மூடுவான்."

"ஜூலை?"

ஹபீபுல்லா காலை மடக்குவதை நிறுத்தினார். முகம் பளிச்சென்று ஆயிற்று. "ஜூலை பாதியிலேருந்து ஆகஸ்ட் பாதி வரைக்கும். அந்த ஊருக்கே அப்பதான் கல்யாணக் களை வரும்மா. பார்லி பச்சைப் பசேல்னு நிக்கும். ஆப்ரிகாட் பழுத்துத் தொங்கும்."

"மழை சார்? எங்கம்மா ரொம்ப பயப்படறாங்க."

"மழையெல்லாம் முக்கால்வாசி மலைக்கு இந்தப் பக்கமே நின்னுடும். அத்தனை உயரம் ஏறி வர அதுக்கு மூச்சு வேணாமா? நீங்க ரோட்டுல போகாதீங்க, ப்ளேன்ல போய் இறங்குங்க. போனதும் ரெண்டு நாள் படுத்தே கிடங்க. வந்துட்டோம்னு குதிச்சீங்கன்னா தலைவலி உசுரை வாங்கிடும். இன்ஷா அல்லாஹ், நல்லாப் பாத்துட்டு வருவீங்க."

அன்றைக்கு அவர் முழங்காலுக்கு ராஜ உபசாரம் நடந்தது. இரண்டே நாளில் பிரவீன்ராஜ் டிக்கெட் போட்டுவிட்டான். ஜூலை முதல் வாரத்தில் கல்யாணம். அத்தை வீடு, சித்தப்பா வீடு, ஞானத்தாய் வீடு என்று விருந்து தின்று தீர்க்கவே ஜூலை பாதி ஆகிவிடும். தின்று முடித்த கையோடு, ஒரு புதன்கிழமை, ப்ளேன்.

எல்லாம் சொன்னபடியே நடந்தது. கல்யாணமும் ஜாம் ஜாமென்று முடிந்தது. பொன்மலை வீட்டில் மாமியார் அற்புதம்மாள் மருமகளை ஒரு குறை சொல்லவில்லை. சும்மா சொல்லக் கூடாது, தங்கமான மனுஷி. வாய்தான் கொஞ்சம் நீளம்.

விருந்தெல்லாம் ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை, அற்புதம்மாள் வேளாங்கண்ணி மாதா படம் போட்ட தினசரி காலண்டரில் தாளைக் கிழித்தார். கிழித்த கையோடு அப்படியே நின்றார்.

"ஷெர்லின், நீங்க என்னிக்குக் கிளம்பறீங்க?"

"வர்ற புதன்கிழமை அத்தை."

"மாதாவே! ஆடி பொறந்துடுச்சேடி!"

ஷெர்லின் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை. இத்தனை பேர் இத்தனை நாள் மாசத்தை அலசு அலசென்று அலசினார்களே, எல்லாரும் இங்கிலீஷ் மாசத்தையே அலசினார்கள். அந்தப் பாதியையும் இந்தப் பாதியையும் சேர்த்தால் தமிழில் ஆடி என்பது ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை. புதுசாகக் கல்யாணமான பெண், ஆடி பிறந்தால் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆடி முடிகிறவரை புருஷன் முகத்தைப் பார்க்கக் கூடாது.

"அத்தை, நாம கிறிஸ்தவங்க. நம்ம கோயில்ல ஏது ஆடி?" என்று ஷெர்லின் மெல்லக் கேட்டாள்.

"கோயில்ல கிடையாது. வீட்ல உண்டு" என்றார் அற்புதம்மாள். பேச்சு முடிந்துவிட்டது.

பிரவீன்ராஜ் விடவில்லை. பங்குச் சாமியாரிடமே போய் நின்றான். ஃபாதர் முழுக்கக் கேட்டுவிட்டு, "திருச்சபைக்கு ஆடியில ஒரு ஆட்சேபணையும் இல்லப்பா" என்றார். பிரவீன்ராஜ் முகம் மலர்ந்தது. "அப்ப அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க ஃபாதர்." ஃபாதர் எழுந்துவிட்டார். "அது என்னால ஆகாது. உங்கம்மாவை எனக்குத் தெரியும்."

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் வண்டியில் ஸ்ரீரங்கம் வரை போனார்கள். திரும்பும்போது காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை ஓரம் கட்டினான். ஆற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஆடிக்காற்று அவள் துப்பட்டாவைப் பிடுங்கியது. பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கிற கூட்டம் எல்லாம் ஜோடி ஜோடியாக இருந்ததைப் பார்த்து அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"நாளைக்கு எங்கம்மா வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்றாள்.

"ஆடி முடிஞ்ச ரெண்டாம் நாள் நான் கப்பல்ல இருக்கணும்."

"தெரியும். சொல்லிக் காட்டாதீங்க." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இந்த வருஷத்துல நமக்குன்னு இருக்கறதே இந்த ஒரு மாசம்தான். அதையும் உறையூர்ல அம்மா வீட்டுல உக்காந்து முறுக்குத் தின்னுட்டே கழிக்கணுமா?"

"சொல்லாம கொள்ளாம கிளம்பிடலாமா? டிக்கெட்தான் கையில இருக்கே."

ஷெர்லின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையை ஆட்டினாள். "வேணாம். அத்தை இங்க முகம் சுண்டிப் போய் உக்காந்திருக்க, நான் அங்க ஏரிக்கரையில நின்னு பல்லைக் காட்ட முடியாது. அவங்க வாயால போயிட்டு வான்னு சொல்லணும். இல்லாட்டி லடாக்கே வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கேத்தரின் வந்துவிட்டாள். ஒரு கையில் புடவையும் சட்டையும் வைத்த தட்டு, இன்னொரு கையில் பழக்கூடை. மகளை ஆடிக்கு அழைக்கிற முறை. உறையூருக்கும் பொன்மலைக்கும் நடுவில் இருப்பது டவுன் பஸ் தூரம்தான், ஆனாலும் முறை முறைதானே? கூடத்து மூலையில் லடாக்குக்குக் கட்டிய பெட்டி கட்டியபடி நின்றது. அதைப் பார்க்காத மாதிரி எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

பிரியாணி போய் ரசம் வந்தது. கடைசியில் கேத்தரின்தான் தொண்டையைக் கனைத்தாள். "சம்மந்தி, புள்ளைங்க ரொம்ப ஆசையா இருக்குதுங்க. இந்த ஒரு தடவை விட்டுக்..."

"நான் என்ன கொடுமைக்கார மாமியாரா?" அற்புதம்மாள் கரண்டியை வைத்துவிட்டார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "ஆடியில எதுக்குப் பிரிச்சு வைக்கறாங்கன்னு யாராவது யோசிச்சீங்களா? சாமியாரைக் கேக்கத் தெரியுது, என்னைக் கேக்கத் தெரியலை. ஆடியில சேந்தா சித்திரையில பிரசவம். கத்திரி வெயில்ல புள்ளை பெத்துப் பாருங்க தெரியும்! இவன் பொறந்தது கல்யாணமான மறு வருஷம், கத்திரி ஆரம்பிச்ச மூணாம் நாளு. கரன்ட் போயிடுச்சு. நர்ஸம்மா அட்டையால விசிறுறா. இவன் உடம்பு பூரா வேர்க்குரு. இவன் அழறான், இவனைப் பாத்து நான் அழறேன். அந்தப் பாடு என் மருமவ படக் கூடாதுன்னுதான் இப்படித் தலையில அடிச்சுக்கறேன்!"

இந்தக் கண்டிப்புக்குள் இவ்வளவு பாசமா என்று ஷெர்லின் உருகிப் போய் மாமியாரைப் பார்த்தாள். லடாக் போனால் போகட்டும், இந்த மனுஷியை அழ வைக்கக் கூடாது என்றே முடிவு செய்துவிட்டாள்.

அப்போது கேத்தரின், சூதுவாது இல்லாமல், நிஜமான கவலையோடு கேட்டாள்: "ஏன் சம்மந்தி, அப்ப உங்களை ஆடிக்கு அழைக்கலியா?"

"அழைக்காம என்ன? கல்யாணமான மொத ஆடி, முசிறியிலேருந்து எங்கப்பாவே வந்து, பெட்டியைத் தூக்கிட்டு, பஸ்ஸுல..."

அற்புதம்மாள் பாதியில் நின்றார்.

ஷெர்லின் மேசைக்கு அடியில் விரலை மடக்கினாள். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று மடக்கிக்கொண்டே போய் சித்திரையில் நிறுத்தி நிமிர்ந்தால், எதிரே மாமனார் ரசத்தை வாய் நிறைய வைத்துக்கொண்டு முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் செக்கச் செவேலென்று உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. அவ்வளவுதான். அவருக்குப் புரையேறி, ரசம் மூக்கு வழியாக வந்து, பிரவீன்ராஜ் எழுந்து ஓடி முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று.

"நான் வெள்ளம் பாக்கத்தான் போனேம்மா" என்றார் சவரிராயன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்த வருஷம் ஆத்துல நல்ல தண்ணி. முசிறியில பாத்தா இன்னும் அகலமாத் தெரியும்னு ஒர்க்‌ஷாப்புல சொன்னானுங்க."

"ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை வெள்ளம்!" அற்புதம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ஷெர்லின் பதறிப் போனாள். அழுகை இல்லை, சிரிப்பு. "எங்கப்பா கடைசியில கேட்டே புட்டாரு. ஏன் மாப்ளே, வெள்ளம் இன்னும் வடியலியான்னு!"

அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. கேத்தரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிரவீன்ராஜ், "அம்மா, அப்ப நானே ஆடிப் புள்ளையா?" என்றான். "போடா போக்கிரி" என்று கரண்டி பறந்து வந்தது.

சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அற்புதம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகமே வேறாக இருந்தது. இருபது வயதுப் பெண் மாதிரி வெட்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நெசமாச் சொல்லட்டுமா? அந்த வெயிலும் வேர்க்குருவும் பத்து நாள்ல மறந்து போச்சு. அந்த ஞாயித்துக்கிழமைங்கதான் இன்னும் மறக்கலை. பஸ் வர்ற சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன்." ஷெர்லின் கன்னத்தைத் தடவினார். "போயிட்டு வா தாயி. ரெண்டு பேரும் சந்தோசமாப் போயிட்டு வாங்க. சித்திரையில பொறந்தா பொறக்கட்டும், இப்பதான் வீட்டுக்கு வீடு ஏசி இருக்கே."

ஷெர்லின் எச்சில் கையோடு அவரைக் கட்டிக்கொண்டாள். புடவையெல்லாம் பிரியாணி. அற்புதம்மாள் திட்டக்கூட இல்லை.

"எல்லாம் சரி" என்றாள் கேத்தரின், தட்டையும் பழக்கூடையையும் பார்த்து. "நான் அழைக்க வந்துட்டு ஒத்தையில எப்படித் திரும்பிப் போறது? தெருவுல என்ன சொல்லுவாங்க?"

அற்புதம்மாள் கொஞ்சம் யோசித்தார். "நான் வரேன் உங்ககூட."

"நீங்களா!"

"ஏன், எனக்கு ஆடி கிடையாதா? எங்கம்மா கண்ணை மூடினதுக்கு அப்புறம் என்னை யாரு ஆடிக்கு அழைச்சா?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. கேத்தரின் ஓடிப் போய், தட்டிலிருந்த புதுப் புடவையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மகளுக்கென்று வாங்கியது, அவருக்கு இன்னும் எடுப்பாக இருந்தது. புடவை மாற்றி, பவுடர் போட்டு, கைப்பையோடு அற்புதம்மாள் வெளியே வந்தபோது சவரிராயன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"அற்புதம், புள்ளைங்க லடாக்குக்குப் போறாங்க. நீ உறையூருக்குப் போற. அப்ப நான்?"

அற்புதம்மாள் செருப்பை மாட்டினார். நிமிர்ந்து புருஷனைப் பார்த்தார்.

"உறையூர்ப் பக்கமும் காவேரி ஓடுதுங்க" என்றார். "ஞாயித்துக்கிழமை வெள்ளம் பாக்க வாங்க."